ஏமாந்தவரா, ஏமாற்றப்பட்டவரா?



இணையவழிப் பண மோசடி பற்றிப் பேச மொழியியலாரை அழைத்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இம்மோசடியில் பூட்டை எவரும் உடைப்பதில்லை. சொற்களைக் கொண்டே பணம் பறிக்கப்படுகிறது. ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

நம் நாட்டில் 'மக்காவ் மோசடி' என வழங்கும் தொலைபேசி மோசடியை எடுத்துக்கொள்வோம். அழைப்பவர் முதலில் வங்கி அலுவலராகவோ கூரியர் ஊழியராகவோ பேசுவார். உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் சிக்கியது என்பார். அல்லது வரி பாக்கி என்பார். பின்னர் அழைப்பு ஒரு 'காவல் அதிகாரி'க்கு மாற்றப்படும். அங்கே வாக்கியங்களின் இயல்பே மாறிவிடும். செய்தி வாக்கியங்கள் குறைந்து ஏவல்கள் பெருகும். அவற்றுள்ளும் எதிர்மறை ஏவலே மிகுதி. "இணைப்பைத் துண்டிக்காதீர்கள்." "வங்கியில் காரணம் சொல்லாதீர்கள்." "பிள்ளைகளிடமும் கூறாதீர்கள்." கேட்பவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதே இவற்றின் வேலை. கிள்ளானில் தனித்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அந்த நாடகம் அத்துடன் கலைந்துவிடும். பணத்தை வேறொரு கணக்கிற்கு மாற்றுமாறு காவல்துறை தொலைபேசியில் கட்டளையிடுவதில்லை.

'பேராசைப்படாதே' என்ற அறிவுரை இங்குப் பயன்படாது என்பது எங்கள் கருத்து. முதலீட்டு மோசடிக்கு அது ஓரளவு பொருந்தலாம். மக்காவ் மோசடியோ சட்டத்திற்கு அஞ்சி நடப்பவரையே குறிவைக்கிறது.

இனி, மோசடிக்குப் பின் நாம் பேசும் மொழியைப் பார்ப்போம். 'ஏமாறு' தன்வினை, 'ஏமாற்று' பிறவினை. மாறு, மாற்று, ஏறு, ஏற்று என்பன போல. அயலார் ஒருவர் பணம் இழந்தால் "அவர் ஏமாந்துவிட்டார்" என்கிறோம். அவ்வாக்கியத்தில் மோசடிக்காரனுக்கு இடமே இல்லை. செயல் முழுவதும் இழந்தவர் தலையில் விழுகிறது. "படித்தவர், இப்படி ஏமாந்தாரே!" என்று நாமும் சேர்த்துக்கொள்கிறோம். மலாயிலும் இவ்வேறுபாடு உண்டு: 'தெர்திப்பு' என்றால் ஏமாந்துபோனது, 'டிதிப்பு' என்றால் ஏமாற்றப்பட்டது. தன்வினையில் பேசும் ஊரில் இழந்தவர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் கழித்து மகளிடம் சொல்வார். காவல் நிலையத்திற்குச் செல்ல மேலும் ஒரு நாள் ஆகும்.

அந்த நாள்கள் விலைமதிப்புடையவை. சென்ற பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. பல கணக்குகள் வழியே விரைந்து கடத்தப்படுகிறது. அதை வழியில் மறிப்பதற்காகவே 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் அமைக்கப்பட்டது. அதன் எண் 997. காவல்துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியன அதில் இணைந்து செயற்படுகின்றன. பணம் போனதை உணர்ந்தவுடன் 997-ஐயோ தம் வங்கியின் அவசர எண்ணையோ அழைக்க வேண்டும். அடுத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் கிள்ளானுக்குத் திரும்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். (இது நாங்கள் இடும் எதிர்மறை ஏவல், பொறுத்தருள்க.) எண், நேரம், தொகை, பணம் சென்ற கணக்கு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். புகாரை 'டிதிப்பு' என்ற சொல்லாலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும் முன்பே ஐயம் எழுந்தால், காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபார்க்கலாம். அங்கே எதுவும் தென்படாவிட்டால் ஆள் நல்லவர் என்று பொருளில்லை. அவர்மீது இன்னும் புகார் பதிவாகாமல் இருக்கலாம்.

மாணவர்களிடம் தனியே ஒன்று. திருட்டுப் பணம் கடக்கும் கணக்கை மலாயில் 'கெல்டாய்', அதாவது கழுதைக் கணக்கு என்பர். பொதியின் பொருளறியாமல் சுமக்கும் விலங்கு என்ற உவமை அது. சில நூறு ரிங்கிட்டுக்கு வங்கி அட்டையையும் கடவுச்சொல்லையும் 'வாடகைக்கு' கேட்பவர்கள் கல்லூரி வாசல்களில் உள்ளனர். 2024-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் இவ்வாறு கணக்கைப் பிறர் கையில் ஒப்படைப்பதையே குற்றமாக்கியுள்ளது. அட்டையைக் கொடுத்த மாணவர், விசாரணையில் "நான் ஏமாந்துவிட்டேன்" என்றே சொல்வார். அங்கே அதற்கு எந்த வினைச்சொல் பொருந்தும் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.