இடக்கர்ச் சொல்லும் இழிவும்



அவையில் சொல்லக் கூசும் சொல் ஒன்று இன்று ஆய்வுக்கு வருகின்றது. 'பீ' என்பதே அச்சொல். அதனைக் கொச்சையென்று ஒதுக்கி, 'மலம்' என்பதே உயர்ந்தோர் வழக்கென்று கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்துமா?

'பீ' ஓரெழுத்தொருமொழி. மலையாளத்தில் அது 'பீ', தெலுங்கில் 'பிய்யி'. நடுவிந்தியக் கோண்டியிலும், குருக்கிலும் அதன் உறவுச் சொற்கள் உள. எனவே, அது நேற்று முளைத்த கொச்சையன்று; இனமொழிகளெல்லாம் பகிர்ந்துகொண்ட முதுசொல்.

தொல்காப்பியர் அதனை அறிவார். 'ஆன்' என்பதன்முன் அது குறுகி 'ஆப்பி' ஆதற்கு உயிர்மயங்கியலில் நூற்பாவே வகுத்தார். ஆயினும், சொல்லை வெளிப்பட உரையாது, ஈகாரம் ஏறிய பகரம் என்னும் கருத்துப்படக் குறித்தார். அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துக் கூறுக என்றார். நெடுங்காலம் மருவி வழங்கியதை மறைக்க வேண்டா என்றும் உரைத்தார். ஆதலின் ஆப்பி, யானையிலண்டம், ஆட்டுப்பிழுக்கை என்பன கூச்சமின்றி வழங்கின. இம்முறையையே நன்னூலார் இடக்கரடக்கல் என்றார்.

இனி, 'மலம்' வடசொல். அழுக்கு என்பதே அதன் பொருள். ஆணவம், கன்மம், மாயை மூன்றும் மும்மலம் எனப்பட்டதும் உயிரைப் பற்றிய அழுக்கு என்னும் பொருளிலேயே. அங்ஙனமாயின், 'மலம்' என்பதும் ஒரு மறைப்புச் சொல்லே! மறைத்துச் சொல்வதற்குமா கடன் வாங்குவது? 'கழி' என்னும் வேரினின்று கழிவு உண்டு, கழிப்பறை உண்டு. சிறுநீர் இருக்க மூத்திரம் எதற்கு? ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கக்கூசுதான் எதற்கு?

ஆயினும், சொல்லின்மேல் கொண்ட கூச்சம் செயலின்மேல் இல்லையே! வாயாற் சொல்ல நாணியவர், அதனைப் பிறர் தலையில் சுமத்த நாணினாரல்லர். பிறப்பைக் காட்டி ஒரு சாராரைக் கையால் அள்ள வைத்தனர். அதனைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் மேலும் விரிந்த சட்டமும் வந்தன. அதன் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டோர் உளர். 'மலம் அள்ளுவோர்' என்று பெயரை மாற்றியதால் அவர்தம் இழிவு மாறிற்றா?

இழிவு 'பீ' என்னும் சொல்லில் இல்லை. அதனை மாந்தன் கையால் அள்ளச் செய்வதில் இருக்கின்றது. சொல்லைத் தூய்மை செய்வோர் அவ்விழிவையும் துடைத்தல் வேண்டும். அது செய்யாத தனித்தமிழ் அரைத்தமிழே!