செடியும் சீட்டும்



ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஆனையூர்க் கண்மாய்க் கரைமேல் நடப்போர் நீர்ப்பரப்பை நோக்குவர். கொக்கையும் நாரையையும் நோக்குவர். தம் காலடியை நோக்குவோர் மிகச் சிலரே. அங்கே ஈரமண்ணோடு ஒட்டி, நாணயம்போல் வட்டமாகப் படர்ந்த பசிய செடியொன்றைக் காணலாம். பாசியென்று நாம் ஒதுக்கும் அதனைத் தாவர நூலார் ரிக்சியா என்பர். அது ஈரற்செடிகள் என்னும் குலத்தைச் சார்ந்தது. இக்குலத்துட் சில செடிகள் ஈரலை ஒத்த வடிவின. ஆகவே அவை ஈரல் நோய்க்கு மருந்தாகும் என்று முற்கால ஐரோப்பியர் நம்பினர். பெயரும் அவ்வாறே வந்தது.

இச்செடிக்குப் பூவில்லை, விதையில்லை, உண்மையான வேரும் இல்லை. மயிரிழைகளால் மண்ணைப் பற்றி, இரண்டிரண்டாகக் கிளைத்து வளர்கிறது. ஸ்போர் எனப்படும் நுண்துகள்கள் இதன் உடலுக்குள்ளேயே புதைந்து முதிர்கின்றன. அத்துகளின் மேலுள்ள வரிகளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் கண்டே பெரும்பாலும் இனத்தைத் துணிய இயலும். ஆதலின், துகள் முதிர்ந்த செடியையே தேடி எடுத்தல் வேண்டும்.

பேனாக்கத்தியால் சிறிது மண்ணோடு பெயர்த்து, உயிருள்ளபோதே அதன் நிறத்தையும் நடுப்பள்ளத்தின் வடிவையும் குறித்துக்கொள்க. உலர்ந்தால் அவை மாறிவிடும். பூச்செடிகளைப்போல் நசுக்காது, நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடுக.

இவ்வளவும் நான் செவ்வனே செய்ததுண்டு. மாணவப் பருவத்தில் ஒருநாள் பல கண்மாய்களைச் சுற்றி, அழகிய செடியொன்றைக் கொணர்ந்தேன். உறைமேல் "மதுரை" என்று மட்டும் எழுதினேன். ஆசிரியர் அதனைப் பார்த்து, "மதுரையில் எவ்விடம்? எந்நாள்? களிமண்ணா, மணலா?" என்றார். நான் விடையற்று நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, உறையை என் கையிலேயே திருப்பித் தந்தார். உலர்தாவரத் தொகுப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சீட்டில்லாத செடி வெறும் சருகே என்பதை அன்று உணர்ந்தேன்.

லாகூரில் பணியாற்றிய பேராசிரியர் சிவராம் காஷ்யப், மேற்கு இமயத்தோடு பஞ்சாபின் சமவெளியிலுள்ள ஈரற்செடிகளையும் ஆராய்ந்து, 1929இலும் 1932இலும் இரு பகுதிகளாக நூல் வெளியிட்டார். நம் பக்கத்துப் பழனி மலையிலோ, செண்பகனூரில் வாழ்ந்த ஃபோரோ பாதிரியார், இவற்றின் உறவுச் செடிகளான மாஸ்களைத் தொகுத்தார். அவரது பட்டியல் 1961இல் அச்சேறியது. மலையேறித்தான் இப்பணி செய்யவேண்டும் என்பதில்லை. சமவெளிக்கும் அதற்குரிய செடிகள் உண்டென்பதைக் காஷ்யப்பின் நூலே காட்டும்.

ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. வயல்கள் மனைகளாகின்றன, வரப்புகள் மறைகின்றன. இன்று ஈரமாயுள்ள கரை நாளை எவ்வாறிருக்கும் என்று எவரும் அறியார். ஆயினும் இடம், நாள், மண், எடுத்தவர் பெயர் ஆகியன எழுதிய ஓர் உறை, ஒரு காலத்தில் இச்செடி இங்கு வாழ்ந்தது என்பதற்குச் சான்றாக நிற்கும். அடுத்த மழைக்குப்பின் கரைக்குச் செல்லும்போது, கத்தியோடு பென்சிலையும் மறவாது கொண்டுசெல்லுங்கள்.