லாரி காத்திருந்தது

துணைவேந்தர் அவர்களே, பேராசிரியர்களே, இன்று பட்டம் வாங்கும் பொறியாளர்களே, ஃபேன் காற்று எட்டாத பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. இரவு ஏழரை தாண்டியிருக்கும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு டி.வி.யில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்: டெக்சாஸ் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, இரண்டாகி, நாலாகி, உதிர்ந்தது. கொலம்பியா விண்கலம் தரையிறங்க 16 நிமிடம்தான் பாக்கி. உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் 1982-ல் விமானப் பொறியியல் பட்டம் வாங்கிய கல்பனா சாவ்லா. அவர் பெயரில் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் துணிச்சலுக்கான விருது தருகிறது. அவருடைய துணிச்சலைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரு நுரைத் துண்டைப் பற்றி.

எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த காப்பு நுரை. தெர்மகோல் மாதிரி லேசான சமாசாரம். ஏவிய 82-வது நொடியில் முக்கால் கிலோ துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. மறுநாளே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். மேலே சுற்றும் கலத்தைப் படமெடுத்துக் கொடுங்கள் என்று பொறியாளர்கள் ஒன்றுக்கு மூன்று முறை கேட்டார்கள். கிடைக்கவில்லை. இதற்கு முன்பும் நுரை விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே என்பது மேலிடத்தின் நினைப்பு. பிறகு சோதனைக்காக அதே மாதிரி நுரையை வேகமாக எய்து பார்த்தபோது இறக்கைத் தகட்டில் 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

ஆகஸ்டில் விசாரணை அறிக்கை வந்தது. பேப்பரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அடிபட்டது அவாளுக்குத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் பார்க்கலை?"

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா நாசாவைத்தான் கேட்டாள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் பாய்லர் குழாய் வெல்டிங்கைப் பரிசோதிப்பது என் வேலை. ஒரு ஜாயின்ட்டின் எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்தேன். ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. உலோகம் உலோகத்தோடு ஒட்டாத இடம் அப்படித் தெரியும். பிலிமில் விழுந்த கீறலும் சில சமயம் அப்படித்தான் தெரியும். இன்னொரு பிலிம் எடுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் வாசலில் லாரி நின்றது. கீறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். போன இடத்தில் தண்ணீர் அழுத்தச் சோதனையில் அந்த ஜாயின்ட் கசிந்தது. வெறும் தண்ணீர். யாருக்கும் அடியில்லை.

அம்மா கேட்ட ஒரு வாரத்தில் இன்னொரு பிலிமில் இன்னொரு கோடு. அன்றும் லாரி நின்றது. மறுபடி எடுக்கச் சொன்னேன். எக்ஸ்ரே என்றால் ஷெட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஷிப்ட் முடியும்வரை காத்திருந்து எடுத்தோம். புது பிலிமில் கோடு இல்லை. முதலில் பார்த்தது வெறும் கீறல். லாரி கிளம்ப இரவு பதினொன்று ஆனது. டிரைவர் என்னைப் பற்றிச் சொன்னதைத் துணைவேந்தர் முன்னால் சொல்ல முடியாது.