வரி நம்முடையது, ஓட்டு எங்கே?



வீட்டு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போகிறோம்? சட்டமன்ற உறுப்பினரிடம். ஆனால் கால்வாய், குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகர் மன்றத்தின் வேலை. அந்த மன்றத்தில் இருக்கும் ஒருவருக்காவது நாம் ஓட்டுப் போட்டிருக்கிறோமா? மதிப்பீட்டு வரி மட்டும் கட்டுகிறோம். வாடகைக்கு இருப்பவர்களும் வாடகையோடு சேர்த்துக் கட்டத்தான் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஓட்டு இருந்தது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது மன்ற உறுப்பினர்கள் தேர்தலில் வந்தவர்கள். முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன், நம்மவர்! சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. "தேர்தல் வந்தால் இந்தியருக்கு இடமே கிடைக்காது" என்று பயமுறுத்துகிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1974-இல் மாநகரையும், பாலிக் பூலாவ், பாயான் லெப்பாஸ் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட கிராமப்புற மன்றத்தையும் ஒரே நகராண்மைக் கழகமாக இணைத்தார்கள்.

இணைப்பையே நான் குறை சொல்லவில்லை. பிரான்சிலும் சிற்றூர்களைப் பெரிய நகரோடு இணைக்கிறார்கள். இணைத்த பிறகும் அங்கே ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தேர்தலையே எடுத்துவிட்டது. 10-ஆவது பிரிவின்படி மாநில அரசு நியமிப்பவரே உறுப்பினர். 2015-இல் தீவு முழுவதும் மாநகரானது. ஓட்டு திரும்பவில்லை.

பினாங்கு அரசு 2012-இல் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆகவே சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் 15-ஆவது பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 23-ஆவது பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. போய் உட்காருங்கள். புதிய மதிப்பீடு அதிகம் என்று பட்டால், 142-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபம் செய்யலாம். மறுபரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு இப்போதே முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.