மறந்துபோன பி.எஃப். பணமும் வரிப் பிடித்தமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாணத்துக்கு முன்னாடி பஞ்சு மில்லுக்கோ, பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போனவங்க கையைத் தூக்குங்க. பாதிப் பேருக்கு மேல் இருக்கீங்க. அதில் பி.எஃப். பணம் வாங்கினவங்க? நாலே கைதான் தெரியுது. மீதிப் பேருடைய பணம் எங்கே?

நம்ம சம்பளத்தில் பெரும்பாலும் 12 சதவீதம் பிடிச்சாங்க. முதலாளியும் அதே அளவு போட்டிருப்பார். அதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகும். மீதி நம்ம பி.எஃப். கணக்கில் சேரும். அது யாரும் கொடுக்கிற உதவித்தொகை இல்லை, நாம் உழைத்த கூலி.

நம்ம உறுப்பினர் ஒருவர் மில்லில் நாலு வருடம் வேலை பார்த்தவர். பல வருடம் கழித்து, 2023-ம் ஆண்டுக் கடைசியில் பணம் கேட்டு எழுதினார். கணக்கில் 62,000 ரூபாய் இருந்தது. கைக்கு வந்தது 49,600 தான். ஆபீசில் ஏமாத்திட்டாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தார். விசாரித்தால், யாரும் ஏமாற்றவில்லை. பான் கார்டு எண் கொடுக்காததால் 20 சதவீதம், அதாவது 12,400 ரூபாய், வரியாகப் பிடித்துவிட்டார்கள். மகளுடைய காலேஜ் ஃபீஸுக்கு அவர் நம்பியிருந்த பணம் அது.

இந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்க விதியைத் தெரிஞ்சுக்கணும்.

மொத்தம் ஐந்து வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்து, எடுக்கும் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால்தான் வரி பிடிப்பார்கள். பான் இருந்தால் 10 சதவீதம். இல்லாவிட்டால் 20 சதவீதம். உடல்நலக் கேட்டால் வேலை போயிருந்தாலோ, மில்லையே மூடியிருந்தாலோ ஐந்து வருடக் கணக்கு பார்க்க மாட்டார்கள். அதற்கான சான்றைக் கொடுக்கணும்.

இரண்டு கம்பெனியில் வேலை பார்த்தவங்க, பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு சேர்த்துடுங்க. அங்கே இரண்டு வருடம், இங்கே நாலு வருடம் என்றால் ஆறு வருடம் ஆகிவிடும். வரி கிடையாது.

நம்மில் பலருக்கு வரி கட்டுகிற அளவு வருமானமே இல்லை. அப்படிப்பட்டவங்க விண்ணப்பத்தோடு உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். பல வருடமாக அதை 15ஜி படிவம் என்பார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால், அப்போதைக்கு எந்தப் படிவம் என்று கேட்டு வாங்குங்க. இதற்கும் பான் கட்டாயம். பொய்யாக மட்டும் எழுதிக் கொடுக்காதீங்க.

பான் கொடுத்தும் வரி பிடித்துவிட்டால் பயப்படாதீங்க. அது உங்க பேரில் வரவு ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் வங்கிக் கணக்குக்கே திரும்ப வரும். பான் இல்லாமல் பிடித்த பணம் உங்க பேரில் ஏறாது. அந்தச் சகோதரிக்கு அதுதான் சிக்கல். பிடித்த அலுவலகமே திருத்தம் செய்யணும். அவரோடு நாங்களும் நடையாய் நடந்தோம்.

அதனால் இப்போதே மூன்று வேலை செய்யுங்க. பழைய சம்பளச் சீட்டையோ அடையாள அட்டையையோ தேடி பி.எஃப். எண்ணைக் குறிச்சு வையுங்க. பான் கார்டு எடுத்து ஆதாரோடு இணையுங்க. ஆதாரில் கணவர் பெயரும், மில் பதிவில் அப்பா பெயரும் இருந்தால், பேரைத் திருத்திய பிறகே விண்ணப்பம் போடுங்க. பென்ஷன் பங்குக்கு 10சி படிவம் தனி. அதையும் மறக்க வேண்டாம்.

கமிஷன் கேட்டு வருகிறவரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு இருக்கிற சீட்டுகளை எல்லாம் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.