அரணற்ற மக்கள்



பழந்தமிழ் மன்னன் பகைநாட்டின்மேற் படை செலுத்துமுன் ஓர் அறிவிப்புச் செய்வித்தான் என்று புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டுக் கூறுகின்றது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டு அது. பசுக்களும், அந்தணரும், பெண்டிரும், நோயுற்றோரும், புதல்வரைப் பெறாதோரும் அம்பு பாயுமுன் காவலான இடத்தைச் சேரவேண்டும் என்பதே அவ்வறிவிப்பு. அக்காலத்திலும் பகைவர் ஊர்கள் எரிந்ததுண்டு, விளைநிலங்கள் பாழானதுண்டு. புறப்பாடல்களே அவற்றை மறையாது சொல்கின்றன. ஆயினும், போரிடுவோர்க்கும் போரிடாதோர்க்கும் இடையே ஒரு கோடு உண்டு என்னும் எண்ணம் அன்று அறமெனப் போற்றப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டு அக்கோட்டை அழித்தது. ஜெர்மானியத் தளபதி லூடென்டோர்ப் 1935ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்கு ‘முழுமைப் போர்’ என்று பெயரிட்டார். படை மட்டுமன்றி, நாட்டின் தொழிலும் விளைவும் மக்களின் மனவுறுதியும் போருக்கே உரியனவாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அனைவரும் போருக்கு உழைப்போர் எனின், அனைவரும் பகைவனுக்கு இலக்காவர் என்பதும் அதனுடன் வருகின்றதன்றோ? இதன் பொருளை முற்றாக அறிந்த நகரம், இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் என வழங்கும் லெனின்கிராட் ஆகும்.

1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் அந்நகருக்குச் செல்லும் கடைசித் தரைவழியையும் அடைத்தன. உள்ளே ஏறக்குறைய 25 லட்சம் மக்கள் அகப்பட்டனர். நகரத்தைச் சரணடையச் செய்வது ஹிட்லரின் நோக்கமன்று. சரணடைய முன்வரினும் ஏற்கலாகாது. அம்மக்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஜெர்மனிக்கு வேண்டாம் என்பதே முடிவு. எனவே, பசியே படைக்கலமாயிற்று.

அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் பாண் பங்கீடு மிகத் தாழ்ந்த அளவுக்கு இறங்கியது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலர்க்கும், உழைக்க இயலாதோர்க்கும், குழந்தைகளுக்கும் 125 கிராம். ஏறக்குறையக் கால் இறாத்தல். அதிலும் மாவு குறைவு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. டிசம்பர் 25 வரை இந்த அளவே நீடித்தது. பனிக்காலம் கடுமையாயிற்று. விறகில்லை, விளக்கில்லை, குழாய்களில் நீர் உறைந்தது. குழந்தைகள் விளையாடிய சிறு சறுக்கு வண்டிகளில் இறந்தோரை ஏற்றி உறவினர் இழுத்துச் சென்றனர்.

போர்முனையில் நின்ற சோவியத் வீரனுக்கு அப்போது 500 கிராம் பாண் கிடைத்தது. அதுவும் போதாத உணவே. ஆயினும் அவன் கையில் துப்பாக்கி இருந்தது. அவன் செய்யவேண்டியது இன்னதென்பது தெரிந்திருந்தது. போர்முனையோ நகரின் எல்லையை ஒட்டியே இருந்தது. காத்து நின்றவனுக்குப் பின்னால், சில மைல் தூரத்தில், அவன் காக்க வந்த தாயும் பிள்ளையும் அவனிலும் குறைவாக உண்டு மடிந்துகொண்டிருந்தனர். வீரனுக்கு இதனினும் கொடிய நிலை வேறு யாது?

எதிர்ப்புறத்தில் நின்ற ஜெர்மானிய வீரனையும் இப்போர் விட்டுவைக்கவில்லை. பசி தாங்காத பெண்களும் குழந்தைகளும் நகரை விட்டு வெளியேறி வந்தால் அவர்கள்மீது சுடவேண்டும் என்பது கட்டளை. நேருக்கு நேர் நின்று அவ்வாறு சுட வீரரின் மனம் இடங்கொடுக்குமோ என்று தளபதிகளே ஐயுற்றனர். கட்டளையை மாற்றவேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. கண்ணிவெடிகளை முன்னே புதைக்கலாம். பீரங்கிகளைத் தொலைவிலிருந்தே இயக்கலாம். வீரன் தான் கொல்பவரின் முகத்தைக் காணாதிருந்தால் போதும் என்று ஆலோசித்தனர்.

அந்நகர மக்களைத் தாங்கி நின்றவற்றுள் வானொலியும் ஒன்று. நிகழ்ச்சி இல்லாத வேளைகளில் தாளக்கருவியின் ஓசை மட்டும் ஒலிபெருக்கிகளில் ஒலித்துக்கொண்டிருக்கும். விரைந்து ஒலித்தால் ஆபத்து. மெல்ல ஒலித்தால் அமைதி. அவ்வோசை கேட்கும்வரை நகரம் உயிரோடிருக்கிறது என்று மக்கள் அறிந்தனர். லடோகா ஏரியின் உறைபனிமேல் லொறிகள் உணவு கொண்டுவந்தன. மீளும்போது மக்களை ஏற்றிச் சென்றன. 1944ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் முற்றுகை முழுவதும் நீங்கியது. மாண்ட பொதுமக்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகமாவர் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர்.

முற்றுகையிட்ட படைகளின் தலைவராயிருந்த லேப் என்பவர் பின்னர் நியூரம்பேர்க்கில் அமெரிக்க இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். 1948ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வேறொரு குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். ஆனால், நகரைப் பட்டினியிட்டது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அந்நாளில் வழங்கிய போர்ச்சட்டம் அதைத் தடைசெய்யவில்லை என்பதே காரணம். சட்டம் அவ்வாறு இருந்ததற்கு நீதிபதிகளே வருந்தினர். பொதுமக்களைப் பட்டினியிடுதலைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்னும் விதி, 1977ஆம் ஆண்டிலேதான் ஜெனீவா உடன்படிக்கைகளின் மேலதிக நெறிமுறைகளில் எழுதப்பட்டது. நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கும் உள்நாட்டுப் போருக்கும் அவ்விதி பொருந்தும். எழுதிய விதியைக் காப்பதற்கு மனிதர் வேண்டும் என்பதை அதன்பின் நிகழ்ந்த போர்கள் பல உணர்த்தியுள்ளன.

அந்நகரின் பிஸ்கரியோவ் இடுகாட்டில் ஏறக்குறைய 4,20,000 பொதுமக்களும் 70,000 வீரரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். நீண்ட புல்மேடுகளின் தலைப்பில் உள்ள கற்களில் பெயர்கள் இல்லை. ஆண்டு மட்டுமே உண்டு. வீரர் துயிலும் மேட்டுக்கு நட்சத்திரமும், மக்கள் துயிலும் மேட்டுக்கு அரிவாளும் சுத்தியலும் அடையாளம். உயிரோடிருந்தபோது முழுமைப் போர் அழித்த கோட்டை, அவர்கள் இறந்தபின் கல்லிலே மீண்டும் பொறித்திருக்கின்றனர். அக்கோடு காக்கப்படவேண்டியது உயிருள்ளோர் நடுவிலேயாகும்.