வீட்டுக்கு வரவேண்டிய துணை
(புசல்லாவையில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் பலமுறை பேசியுள்ளோம். இன்று லயத்துக் காம்பராக்களுக்குள்ளே பிறர் கண்ணிற் படாமற் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பத்து வயதாகியும் எழுந்து உட்கார இயலாத பிள்ளை. ஊட்டினாலன்றி உண்ண அறியாத பிள்ளை. இரவெல்லாம் வலிப்பு வரும் பிள்ளை. பிள்ளைக் காம்பராவில் இவர்களுக்கு இடமில்லை. தாய் காலையிற் பெரட்டுக்குப் போனால் பார்ப்பது யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையேல் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட அக்காள். இருவரும் இல்லாத வீட்டில் தாய் மலைக்குப் போவதில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை, சேமலாப நிதியுமில்லை. மரக்கறி பயிரிடுவோர் வீடுகளிலும் இதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலையிலும் கல்வி நிலையத்திற் சேர்ப்பதிலும் அங்கவீனருக்குப் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. நல்லதே. ஆனால் படுக்கையிற் கிடக்கும் பிள்ளையைப் புரட்டிவிட ஓர் ஆளை அனுப்பும் கடமையை அது எவர் மீதும் சுமத்தவில்லை. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரையோ அத்தகைய ஆள் துணையை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதைக் கொண்டு வழக்காடலாமே என்பீர்கள். உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத உடன்படிக்கை நம் நீதிமன்றங்களிற் செல்லாது. 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் அவ்வாறே தீர்த்தது. ஆகவே பாராளுமன்றத்தின் கதவைத்தான் தட்டவேண்டும்.

சுவீடனில் 1994 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, கடும் குறையுள்ள பிள்ளைக்கு உதவியாளரின் சம்பளத்தை அரசு ஏற்கிறது. ஆளைக் குடும்பமே தெரிந்தெடுக்கலாம். அங்கும் செலவைக் குறைக்கக் கத்தரிக்கோல் எடுத்தவர்கள் உண்டு. அது வேறு கதை.

அவ்வளவு பணம் நமக்கேது என்று கேட்பார்கள். நாம் கேட்பது நாளொன்றுக்குச் சில மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர். கொழும்பு வீடுகளிற் பிறர் பிள்ளைகளைச் சீராட்ட நம் பெண்கள் போகிறார்கள். அடுத்த லயத்துப் பிள்ளையைப் பார்க்க அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு திணைக்களமில்லை! அங்கவீனர் மாதப் படி மருந்துக்கும் மாவுக்கும் போய்விடும். அது பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டாது.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, பிரதேச செயலகத்துக்கு நாம் கொண்டுபோகும் மனுவுக்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும். தாய்மார்களே, பிள்ளையின் கிளினிக் கொப்பியோடும் பிறப்புச் சான்றிதழோடும் வாருங்கள். சான்றிதழே இல்லையென்றால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள்; முதலில் அதற்கு விண்ணப்பம் எழுதுவோம்.